டாகெட் வீட்டுச் சாவி

1

"கையைத் திற. யார் வீட்டுச் சாவி அது?"

"எங்க வீட்டுதுதான், மிஸஸ் டாகெட். உங்க வீட்டுலதான் சாவியே இல்லையே."

"உன் வீட்டுச் சாவியால என் வீட்டுத் தேனீப் பெட்டியைத் தட்டி இழவு சொல்லுவியா? அவ்வளவு அவசரமா உனக்கு?"

"ரெண்டு வருஷம் காத்துக்கிட்டு இருக்கேன். இதுக்குப் பேரு அவசரமா?"

"என் பிள்ளை செத்துட்டான்னு சொல்ல நீ யாருடி?"

"அவனுக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு. அதையும் இதே பெட்டியைத் தட்டி நீங்கதான் சொன்னீங்க. கேக்கைப் பிட்டு அதுங்க வாசல்ல வெச்சீங்க. மறந்துபோச்சா?"

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு, ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த வேளை. வேலிக்கு அந்தப் பக்கம் ஹெஸ்டர் டாகெட்டும் ஐவி காப்பும் தேனீப் பெட்டிக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் கூஸ்பெரி பறித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாளே செடியை மொட்டையடித்து முடித்திருந்தேன் என்பதை வாசகரிடம் மறைப்பதற்கில்லை. காயில்லாத செடியில் முக்கால் மணி நேரம் காய் பறித்தேன். முள் குத்தியதுகூடத் தெரியவில்லை.

சண்டை ஓய்ந்து ஐவி அழுதுகொண்டே போன பிறகு ஹெஸ்டரின் குரல் வேலியைத் தாண்டி வந்தது.

"என்ன மிஸஸ் பாட், இந்த வருஷம் கூஸ்பெரி நல்ல விளைச்சலோ?"

"பரவாயில்லை, மிஸஸ் டாகெட்," என்றேன், காலிக் கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

2

முதலில் இந்தக் கதையை இப்படித்தான் தொடங்கினேன்:

மேகங்களைக் கிழித்துக்கொண்டு பறந்தது இளம் விமானி வில்ஃப் டாகெட்டின் விமானம். அவன் கண்களில்—

விட்டுவிட்டேன். நான் ஏறிய அதிகபட்ச உயரம் எங்கள் வீட்டு பிளம் மரம். அதுவும் டாகெட் வீட்டுக்குப் புது அலமாரி வந்த அன்று. மேகத்துக்குள் என்ன இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது தடவை:

வில்ஃப் பிறந்த அன்று வானத்தில் ஒரு—

மழை பெய்தது. எங்கள் நெதர்கோட் கிராமத்தில் எல்லா நாளும்தான் பெய்கிறது.

ஆகவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். வண்டியிலிருந்து.

வில்ஃபின் அப்பா ஆம்புரோஸ் டாகெட் எங்கள் ஊர்ச் சாமான் வண்டிக்காரர். வியாழக்கிழமைதோறும் டெட்பரி சந்தைக்குப் போவார். யாருக்கு என்ன வேண்டுமோ வாங்கி வருவார், யாரிடம் என்ன சேர்க்க வேண்டுமோ சேர்ப்பார். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கிளம்புவதற்கு முன் குதிரையின் கழுத்தைத் தட்டி, பாரத்தை முழுக்க அதனிடம் ஒப்பிப்பார். "டச்சஸ், கேட்டுக்கோ. முட்டை ஆறு கூடை. பாதிரியாரோட பூட்ஸ், அடி தைக்க. மிஸஸ் பாட்டோட கடிகாரம், அது எப்பவும்போல ஓடலை. திரும்பி வரும்போது மாவு நாலு மூட்டை, மேட்டுல மெதுவாப் போகணும்." டச்சஸ் காதை ஆட்டும். அதற்குப் பிறகுதான் சக்கரம் நகரும்.

வில்ஃப் நாலு வயதிலிருந்து அந்த வண்டியின் முன்பலகையில் உட்கார்ந்து இதைக் கேட்டு வளர்ந்தவன். ஒல்லி, காது பெரியது, சிரித்தால் ஈறு தெரியும். தேனீக்கள் அவனைக் கொட்டியதே இல்லை. என்னைப் பதினேழு தரம் கொட்டியிருக்கின்றன. வேலிக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றால் கொட்டத்தான் செய்யும் என்று அவன் ஒருநாள் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

3

ஹெஸ்டரை எப்படி எழுதுவது என்பதில் எனக்குக் குழப்பம்.

முதல் பிரதியில் அவளைக் கர்வக்காரி என்று எழுதினேன். ஆதாரம் இருந்தது. மகன் விமானப் படையில் சேர்ந்து விமானியும் ஆனபோது அவள் நடையே ஒரு சாண் உயர்ந்தது. பிறகு அவனுக்குக் கிடைத்தது சரக்கு விமானம் என்று தெரிந்தது. சண்டை போடுவது இல்லை, குண்டு போடுவது இல்லை. மூட்டை ஏற்றி மூட்டை இறக்கும் வேலை. அப்பன் வண்டி தரையில், மகன் வண்டி வானத்தில், வேறென்ன வித்தியாசம் என்று ஊர் சிரித்தது. (ஊர் என்று எழுதுவது கோழைத்தனம். நான்தான் சிரித்தேன். மற்றவர்கள் நான் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்கள்.)

சர்ச் வாசலில் ஒருத்தி கேட்டாள். "எங்க தங்கச்சி மகன் அஞ்சு விமானத்தைச் சுட்டு வீழ்த்தியிருக்கான். உங்க வில்ஃப் எத்தனை?"

"எண்ணிக்கையை வெளிய சொல்லக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு," என்றாள் ஹெஸ்டர், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல்.

வில்ஃப் எழுதிய கடிதங்களை ஐவிதான் ஆம்புரோஸுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள். நானும் கேட்டேன், வழக்கம்போலத் தற்செயலாக. ஒன்றில் இப்படி இருந்தது: "இன்று நாற்பது கோழிகளைக் கொண்டுபோனேன். வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தன. இறக்கிவிட்ட இடத்தில் ஒன்று முட்டையிட்டது. சிப்பாய்கள் கை தட்டினார்கள். எனக்குக் கிடைத்த பதக்கம் அதுதான் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே."

இன்னொன்றில், கப்பலிலிருந்து: "ஒரு தப்பு பண்ணிவிட்டேன். விடுப்பில் வந்தபோது வீட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டது அப்படியே என்னோடு வந்துவிட்டது. பத்திரமாக வைத்திருக்கிறேன். திரும்பி வரும்போது கொண்டுவருவேன்."

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு சாவிதான். உள்ளங்கை நீளத்துக்கு இரும்பு. அதற்கு நகல் எடுக்கிற பழக்கமெல்லாம் யாருக்கும் கிடையாது. ஆகவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று ஜனவரியிலிருந்து டாகெட் வீட்டுக் கதவு பூட்டப்படவே இல்லை.

கர்வக்காரி என்ற சொல்லை அடித்துவிட்டேன். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

4

நாற்பத்து நாலு ஜூனில் தந்தி வந்தது. வில்ஃப் டாகெட், வயது இருபத்திரண்டு, காணவில்லை. இந்தியாவின் கிழக்கு மூலையில், சில்ஹெட் பக்கத்திலிருந்து, ஜப்பானியர் முற்றுகையில் இருந்த இம்பாலுக்குப் போன விமானம், நடுவில் மலை, மழைக்காலத்து மேகம். போனது, போய்ச் சேரவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு காகிதம் வந்தது. இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று. ஹெஸ்டர் அதைக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகினாள். "கருதுறவன் கருதிக்கட்டும்," என்றாள்.

தேனீ வளர்க்கும் வீட்டில் பிறப்பு, கல்யாணம், சாவு எதுவானாலும் பெட்டியை மூன்று தரம் தட்டித் தேனீக்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.* அந்த வீட்டு மனிதர்தான் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக் கதவைத் திறக்கும் சாவியால்தான் தட்ட வேண்டும். ஹெஸ்டர் இந்தச் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சாவி மகனிடம். சாவி இல்லாமல் தட்ட முடியாது. தட்டாமல் சொல்ல முடியாது. சொல்லாத வரை அவன் சாகவில்லை.

கொல்லன் பெர்ட் ஹார்ட் ஒரு புதுப் பூட்டு செய்து தருகிறேன் என்று மூன்று தரம் வந்து கேட்டான்.

"பூட்டை மாத்திட்டா அவன் கொண்டுவர்ற சாவியை வெச்சு என்ன பண்ணுவான்?" என்றாள் ஹெஸ்டர்.

"கதவைத் தட்டுவான்," என்றார் ஆம்புரோஸ்.

"சொந்த வீட்டையா?"

ஆம்புரோஸ் எழுந்து டச்சஸுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். டச்சஸ் ஏற்கனவே குடித்திருந்தது.

நடுவில் மாட்டிக்கொண்டவள் ஐவி. விரலில் வில்ஃபின் மோதிரம். மாவு ஆலையில் வேலை செய்த ஃப்ரெட் வேரிங் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தான். அவனுக்கு பிரிஸ்டலில் வேலை கிடைத்திருந்தது. செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறான், அதற்குள் பதில் வேண்டும். நல்லவன், ஒரு குறையும் இல்லை. (தேடிப் பார்த்தேன்.)

"சரின்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்று ரொட்டிக்கடை வரிசையில் அவளிடம் கேட்டேன்.

"எப்படிச் சொல்ல? நான் வில்ஃபுக்குன்னு தேனீக்கிட்ட சொல்லியாச்சு. அவன் இல்லைன்னு யாரும் இன்னும் சொல்லலை. அதுங்க கணக்குல நான் இன்னும் அவனுக்கு நிச்சயமானவதான்."

"தேனீக்காகவா பார்க்கிறே?"

"அந்தம்மாவுக்காகப் பார்க்கிறேன், மிஸஸ் பாட். நான் போயிட்டா, அவன் வருவான்னு காத்திருக்கிறதுக்கு அவங்க ஒருத்திதான் மிச்சம். அவங்க வாயால ஒருதரம் சொல்லிட்டாங்கன்னா நான் அவங்களை விட்டுட்டு ஓடிப்போனவளா இருக்க மாட்டேன்."

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். அதனால்தான் அந்தச் சண்டை. அதனால்தான் என் கையில் முள்.

*சொல்லாவிட்டால் தேனீக்கள் கோபித்துக்கொண்டு பறந்துபோகும், இல்லையென்றால் பெட்டிக்குள்ளேயே செத்துக் கிடக்கும் என்பார்கள். டாகெட் வீட்டுத் தேனீக்கள் இந்த இரண்டு வருஷமும் போகவுமில்லை, சாகவுமில்லை. நாற்பத்தைந்தில் எடுத்த தேன் ஊரிலேயே முதல் தரம். இது கதைக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. அடித்துவிடலாமா என்று யோசித்தேன். ஒரு புட்டி எனக்கும் கொடுத்தார்கள் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.

5

இந்த இடத்தில் வெளியூர் ஆள் ஒருவன் வருகிறான். கதை முட்டிக்கொண்டு நிற்கும்போது வெளியூர் ஆளைக் கொண்டுவருவது பழைய தந்திரம் என்று நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. என்ன செய்ய, அவன் உண்மையிலேயே வந்தான். ஆகஸ்ட் மாதம், மத்தியான பஸ்ஸில். பெயர் ஸ்டான் ஓக்டன். ஓல்டம் ஊர்க்காரன், வில்ஃபின் விமானத்தைப் பழுது பார்த்த மெக்கானிக். டாகெட் வீட்டு விலாசத்தை என்னிடம்தான் கேட்டான். நானே கூட்டிக்கொண்டு போய் விட்டேன், உட்காரச் சொல்லும் வரை நகரவில்லை.

தோட்டத்தில் தேநீர். ஹெஸ்டர், ஆம்புரோஸ், ஐவி, ஸ்டான், நான். ஐந்து கோப்பைக்கு நாலு பேரின் ரேஷன் சர்க்கரை.

ஸ்டான் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். "ஒண்ணு கேட்கணும்னு ரொம்ப நாளா ஆசைங்க. வில்ஃப் கையில ஒரு பெரிய சாவி இருந்துச்சு. அது எதோட சாவி?"

ஹெஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தாள். "எதுக்குக் கேக்கிறே?"

"தினமும் கிளம்புறதுக்கு முன்னால விமானத்துக் கதவுப் பக்கத்துல அதால மூணு தட்டு தட்டுவான். தட்டிட்டு பாரத்தை ஒப்பிப்பான். அரிசி இத்தனை மூட்டை, தோட்டா இத்தனை பெட்டி, யாரோ ஒரு கேப்டனுக்கு மூக்குக்கண்ணாடி. மொதல்ல நாங்க எல்லாரும் சிரிச்சோம். 'ஏன்டா, விமானத்துக்குக் காது கேக்குமா'ன்னு. 'அதுக்குத் தெரியாம எதையும் ஏத்தக் கூடாது, கோவிச்சுக்கும்'பான். அப்புறம் பார்த்தா, மத்த விமானிங்களும் அந்தச் சாவியை இரவல் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. கர்னல் ஒருத்தர்கூட வாங்கித் தட்டினார். யாரும் பார்க்கலைன்னு நினைச்சுக்கிட்டு."

ஐவி சிரித்துவிட்டாள். சிரித்த வாயை அப்படியே கையால் மூடிக்கொண்டாள்.

"கடைசி நாள்?" என்றாள் ஹெஸ்டர்.

"தட்டினான். நல்ல மழை. தட்டிட்டு, அரிசி முப்பது மூட்டை, கோவேறு கழுதைக்குத் தீனி, பூட்ஸ் ரெண்டு பெட்டின்னான். அப்புறம், 'திரும்பும்போது காயம்பட்டவங்க இருபது பேர். மேட்டுல மெதுவாப் போகணும்'னு சொன்னான்."

ஆம்புரோஸ் தலையை ஆட்டினார். "திரும்பி வர்ற பாரத்தையும் சொல்லிடணும். இல்லேன்னா திரும்பி வருவோம்னு குதிரை நம்பாது."

தேனீக்கள் ஜாம் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன.

"அந்த இருபது பேர்?" என்று கேட்டாள் ஹெஸ்டர். எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி.

"மறுநாள் வேற ஒருத்தன் போய்க் கூட்டிக்கிட்டு வந்தான். எல்லாரையும்."

"சாவி?"

"அவன் சட்டைப்பையிலங்க. எப்பவும்போல."

ஹெஸ்டர் வெகுநேரம் மேசைவிரிப்பின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்போ அது சும்மா கிடக்கலை," என்றாள். "வேலை பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

கணவரிடம் திரும்பி, "பெர்ட்டை வரச் சொல்லுங்க," என்றாள்.

ஸ்டானை பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். நிறுத்தத்தில் கேட்டேன்: "உண்மையைச் சொல்லுப்பா. அந்தக் கடைசி நாள் அவன் தட்டினதை நீ பார்த்தியா?" தொப்பியை ஒரு சுற்று சுற்றினான். "மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. நான் இறக்கைக்கு அடியில இருந்தேன்," என்றான். பஸ் வந்துவிட்டது. ஆக, இந்தக் கதையை எழுதுகிறவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

6

இதற்கு மேல் எனக்கு மூன்று முடிவுகள் இருந்தன.

முதலாவதில் ஸ்டான் பையிலிருந்து அந்தச் சாவியையே எடுத்து மேசைமேல் வைக்கிறான். அன்றைக்கு மட்டும் அது முகாமில் தங்கிவிட்டது. ஹெஸ்டர் கதவில் நுழைத்துத் திருப்புகிறாள், திறக்கிறது, எல்லோரும் அழுகிறார்கள். எழுதும்போது நானும் அழுதேன். அடுத்த நாள் படித்துப் பார்த்தேன். சாவி எங்கோ ஒரு மலைச்சரிவில், காட்டுக்கொடிக்குக் கீழே, அவனோடு கிடக்கிறது. என் அழுகைக்காக அதை அவன் பையிலிருந்து எடுக்க எனக்கு என்ன உரிமை?

இரண்டாவதில் வில்ஃபே வந்துவிடுகிறான். தாடியும் ஒரு கால் விந்தலுமாகச் சந்தின் முனையில்— நாலு பக்கம் எழுதினேன். ஈறு தெரியச் சிரிக்கவும் வைத்தேன். பிறகு வெட்கமாகிவிட்டது. இதே கதையை ஹெஸ்டர் இரண்டு வருஷமாகக் காகிதம் இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தாள். அதைத்தான் நான் இவ்வளவு நாள் கர்வம் என்று படித்திருக்கிறேன்.

மூன்றாவதில் தேனீக்கள்—

வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

7

பெர்ட் புதுப் பூட்டோடு வந்தான். பழையதைப் பெயர்க்க உளியை எடுத்தான்.

"அதைத் தொடாதே," என்றாள் ஹெஸ்டர். "அதுக்கு ஒரு சாண் கீழே வை."

"ஒரு கதவுக்கு ரெண்டு பூட்டா, மிஸஸ் டாகெட்? திருடன் பார்த்தாக்கூடச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். சிரிச்சா எனக்குக் காது கேக்கும், முழிச்சுக்குவேன்."

பெர்ட் ஒரு சாண் கீழே வைத்தான். புதுச் சாவியை நுழைத்துத் திருப்பினான். கதவு பூட்டிக்கொண்டது. மறுபடி திருப்பினான். திறந்தது. வீட்டுக் கதவைத் திறக்கும் சாவி, சட்டப்படி. ஹெஸ்டர் அதை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். சாவு சொன்ன பெட்டியில் கட்டும் கறுப்புத் துணியோடு ஐவி மூன்றடி பின்னால் வந்தாள். ஆம்புரோஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு டச்சஸ் பக்கத்தில் நின்றார். நான் எங்கே நின்றேன் என்று சொல்லத் தேவையில்லை.

தட். தட். தட்.

பெட்டியின்மேல் குனிந்தவள் நிமிர்ந்து வேலியைப் பார்த்தாள்.

"மிஸஸ் பாட், அங்கதானே இருக்கீங்க?"

"இருக்கேன், மிஸஸ் டாகெட்."

"இன்னிக்கு ஒருநாள் மட்டும்..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் இங்கே முடித்துவைக்கப் போவதில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் வேலியை விட்டு நகர்ந்தேன். சமையலறைக்குள் போய், கதவைச் சாத்தி, சுத்தமாக இருந்த பாத்திரங்களையெல்லாம் எடுத்துப்போட்டுச் சத்தமாகத் தேய்த்தேன்.

அதனால் ஹெஸ்டர் தேனீக்களிடம் சொன்னது:

. . . . . . . . . . . . . . . . . . .

வரி உங்களுடையது. 'செத்துட்டான்' என்றும் எழுதலாம். 'வர நாளாகும்' என்றும் எழுதலாம். அவள் ஆம்புரோஸின் மனைவி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாரத்தை ஒப்பித்திருந்தாலும் ஒப்பித்திருப்பாள்.

நான் வெளியே வந்தபோது கறுப்புத் துணி பெட்டியில் கட்டியிருந்தது. ஐவி மோதிரத்தைக் கழற்றி நீட்டிக்கொண்டிருந்தாள். ஹெஸ்டர் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், நிச்சய மோதிரம் போடாத மறுகை விரலில் மாட்டிவிட்டாள்.

செப்டம்பர் கடைசியில் ஐவி ஃப்ரெட் வேரிங்கைக் கட்டிக்கொண்டு பிரிஸ்டலுக்குப் போனாள். ஊரே அவள் ஸ்டானைத்தான் கட்டுவாள் என்று பேசியது. (ஊர் என்றால் யார் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.) ஸ்டான் ஓல்டத்திலேயே ஒரு தையற்காரியைக் கட்டிக்கொண்டான், கிறிஸ்துமஸுக்கு எனக்கும் வாழ்த்து அனுப்புகிறான். ஐவி கல்யாணத்தன்று ஹெஸ்டர் கேக்கைப் பிட்டுக்கொண்டு போய்ப் பெட்டியைத் தட்டினாள். அதை மட்டும் கேட்டேன், மறைக்கவில்லை. "ஐவிக்குக் கல்யாணம்," என்றாள். "நம்ம பொண்ணுதான். கோவிச்சுக்காதீங்க."

ஐம்பத்தொன்றில் ஆம்புரோஸ் போனார், டச்சஸுக்கு ஒரு வாரம் பின்னால். ஹெஸ்டர் அதையும் தேனீக்களுக்குச் சொல்லிவிட்டு, பெட்டிகளோடு ஸ்விண்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். புதுச் சாவியை என்னிடம் கொடுத்தாள். ஒருநாளும் அவள் அந்தக் கதவை அதால் பூட்டியதில்லை.

இப்போது அந்த வீட்டில் ஒரு இளம் டீச்சர் இருக்கிறாள். தேனீயும் இல்லை, ஒன்றும் இல்லை. பேச்சுத் துணைக்கு என்னைத்தான் கூப்பிடுவாள். போன வாரம் கதவின் மேல் சாவித்துவாரத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இது எதுக்கு மிஸஸ் பாட்? சாவிகூட இல்லை. மெழுகு வெச்சு அடைச்சிடட்டுமா? காத்து வருது."

"வரட்டும்," என்றேன்.